அடுக்களைப் பிசுக்கின் வரலாறு



நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உடைந்து மண்ணிற் புதைந்துபோன சமையற் பானை ஒன்றின் ஓட்டினைக் கையிலே எடுக்கும் ஆராய்ச்சியாளர் அதில் எதனைத் தேடுகின்றார் என்று எண்ணுகிறீர்கள்? எழுத்தினைத் தேடுவர், ஓவியத்தினைத் தேடுவர் என்று நாம் நினைப்போம். இக்காலத்திலே அவர்கள் தேடுகின்ற மற்றொரு பொருள் எண்ணெய்ப் பிசுக்கு. மெருகிடாத மட்பாண்டத்தின் நுண்ணிய துளைகளுக்குள்ளே கொழுப்பு ஊறிவிடுகின்றது. எத்தனை முறை கழுவினாலும் அதில் ஒரு சிறு பகுதி ஓட்டினுள்ளே தங்கிவிடுகின்றது. சிந்துவெளி நாகரிக காலத்துப் பானையோடுகள் பலவற்றை ஹரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளிலிருந்து எடுத்து, அவற்றில் ஊறிய கொழுப்பினை அக்ஷேதா சூரியநாராயண் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சோதித்து, 2020 ஆம் ஆண்டின் இறுதியிலே தம் முடிவுகளை வெளியிட்டனர். அப்பானைகளில் விலங்குக் கொழுப்பே மிகுதியாகக் காணப்பட்டது. அக்காலத்து மக்கள் உண்டது யாது என்பதற்கு அந்தப் பிசுக்கே சாட்சியாயிற்று.

பானையைத் துலக்கிய பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. அவளுடைய கைக்குத் தப்பிய அழுக்கு மாத்திரம் வரலாற்றில் இடம் பெற்றுவிட்டது. அந்தக் கை செய்த வேலையைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

முதலிலே பிசுக்கு என்பது யாது என நோக்குவோம். எண்ணெய் சூடேறும்போது நுண்ணிய துளிகளாக ஆவியோடும் புகையோடும் மேலெழுகின்றது. சுவர், அலுமாரி, மின்விசிறி, அடுப்பின் மேற்றளம் ஆகிய குளிர்ந்த பரப்புகளிலே அது படிகின்றது. படிந்த எண்ணெய் தன்மேல் வந்து விழும் புகைக்கரியையும் தூசியையும் பற்றிக்கொள்கின்றது. கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்வோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒருபுறம் கடற்காற்று ஈரத்தையும் உப்பையும் கொண்டுவருகின்றது. மறுபுறம் காலி வீதி தூசியைத் தருகின்றது. இவற்றுக்கு இடையிலே அமைந்த சமையலறைச் சுவரில் ஒரு திங்களிலேயே விரல் ஒட்டும்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே இத்தொல்லை வேறு வகையாகத் தீர்க்கப்பட்டது. அடுக்களை பெரும்பாலும் வீட்டினின்றும் பிரிந்து நின்றது. ஓலைக் கூரையின் இடுக்குகள் வழியே புகை வெளியேறிற்று. மண்ணாலான தரையும் அடுப்பும் சாணத்தினால் மெழுகப்பட்டன. இங்கே கூர்ந்து நோக்கத்தக்க உண்மையொன்று உண்டு. அந்தத் தரையிலிருந்து பிசுக்கை எவரும் சுரண்டி எடுக்கவில்லை. பிசுக்குப் படிந்த பரப்பின்மேலே புதுப்பரப்பு ஒன்றை இட்டு வந்தார்கள். ஓலை பழையதாயிற்றென்றால் புது ஓலை வேய்ந்தார்கள். மட்பானை ஊறிப்போயிற்றென்றால் புதுப்பானை வாங்கினார்கள். மண்ணும் ஓலையும் சாணமும் அண்மையிலே கிடைத்தமையால் இம்முறை இயன்றது.

பித்தளை, வெண்கலம், இரும்பு ஆகிய பாத்திரங்களை இவ்வாறு மாற்றிவிட முடியாது. அவற்றைத் துலக்குவதற்குச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் பயன்பட்டன. பித்தளைக்குப் புளியும் தேசிக்காயும் தனியே வைக்கப்பட்டன. இந்தப் பாகுபாடு வெறும் வழக்கமன்று. பித்தளையின் மீது கறுத்துப் படிவது உலோகத்தின் மாசு. அதனைப் புளிப்பு நீக்கும். எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு அசைக்காது. அதற்குக் காரம் வேண்டும். சாம்பலிலே அக்காரம் இருக்கின்றது. தேங்காய் மட்டையை எரித்த சாம்பலிலே அது சிறப்பாக மிகுந்துள்ளது. சாம்பலும் வெந்நீரும் எண்ணெயோடு கூடும்போது அந்த எண்ணெயின் ஒரு பகுதி சவர்க்காரமாக மாறுகின்றது. அவ்வாறு பிறந்த சவர்க்காரம் எஞ்சிய எண்ணெயைத் துளி துளியாகப் பிரித்து நீரோடு போகச் செய்கின்றது. துலக்கியவள் இரசாயனம் படித்தவளல்லள். ஆயினும் எதற்குப் புளி, எதற்குச் சாம்பல் என்பதிலே அவள் தவறியதில்லை.

இவ்வறிவு நமக்கு மாத்திரம் உரியதன்று. மெசொப்பொத்தேமியாவிலே 4000 ஆண்டுகளுக்கு முந்திய களிமண் ஏடுகளில் எண்ணெயும் காரச் சாம்பலும் சேர்ந்த கலவைகள் குறிக்கப்பட்டுள்ளன. கோல் நாட்டவர் கொழுப்பும் சாம்பலும் கூட்டிச் சவர்க்காரம் செய்தமையை உரோமானியரான பிளினி முதலாம் நூற்றாண்டிலே எழுதிவைத்தார். ஆங்கிலத்திலே காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்ற சொல் சாம்பலைச் சுட்டும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 'பொட்டாசு' என்பதோ பானைச் சாம்பல் என்றே பொருள்படும். 1807 ஆம் ஆண்டிலே ஹம்பிரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி ஓர் உலோகத்தைப் புதிதாகப் பிரித்தெடுத்தபோது, அந்தப் பானைச் சாம்பலின் பெயராலேயே அதற்குப் 'பொட்டாசியம்' என்று பெயரிட்டார். அடுப்படியிலே பிறந்த சொல் ஆய்வுகூடத்திலே உலோகத்தின் பெயராயிற்று.

கொழும்பிலே அடுக்களை மற்றொரு மாற்றத்தையும் கண்டது. குசினி, தாச்சி, வினாகிரி ஆகிய சொற்களை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். இம்மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. கொட்டாஞ்சேனையில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கும் அயலிலுள்ள சிங்கள, பறங்கிக் குடும்பங்களுக்கும் இச்சொற்கள் பொதுச் சொத்து. ஒருவர் குசினியை மற்றொருவர் பார்த்துக் கற்றமைக்குச் சொற்களே சான்று.

இனிச் சவர்க்காரத்துக்கு வருவோம். பண்டைக்காலத்திலே காரம் எரித்த சாம்பலிலிருந்தே கிடைத்தது. ஆகையால் சவர்க்காரம் அரிதாகவும் விலையுயர்ந்ததாகவும் இருந்தது. பிரான்சு தேசத்து நிக்கொலா லெப்பிளாங் 1791 ஆம் ஆண்டிலே, சாதாரண உப்பிலிருந்து சோடாக்காரம் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். அதே நாட்டவரான செவ்ருல் 1823 ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலொன்றில், கொழுப்பு என்பது யாது, அது காரத்தோடு சேரும்போது என்ன ஆகின்றது என்பதைத் தெளிவுபடுத்தினார். காரம் மலிந்தது, வழியும் விளங்கிற்று. பின்பு வேண்டியிருந்தது எண்ணெய் ஒன்றே.

அந்த எண்ணெய்க்காக மேனாட்டுத் தொழிலதிபர் கண்கள் தென்னை வளரும் நாடுகளின் மேல் விழுந்தன. மெழுகுவர்த்தி செய்து பெயர்பெற்ற பிரைஸ் கம்பனியை இலண்டனிலே 1830 ஆம் ஆண்டில் தொடங்கியவர்கள், இலங்கையில் 1000 ஏக்கர் தென்னந்தோட்டத்திலும் முதலிட்டனர். 1884 ஆம் ஆண்டிலே வில்லியம் லீவர் 'சன்லைற்' என்ற பெயரைப் பதிவு செய்தார். அச்சவர்க்காரம் தாவர எண்ணெய்களை முதன்மையாகக் கொண்டு செய்யப்பட்டது. 1938 ஆம் ஆண்டிலே லீவர் பிறதர்ஸ் கம்பனி இலங்கையிலே நிறுவப்பட்டது. கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள கிராண்ட்பாஸிலே அதன் தொழிற்சாலை எழுந்தது. புதுக்கடையிலே பிரித்தானிய இலங்கைக் கோப்பரேஷன் என்ற நிறுவனம் கொப்பரையை ஆட்டி எண்ணெயும் சவர்க்காரமும் செய்தது. சுவரிலே பிசுக்காய்ப் படிந்த அதே தேங்காயெண்ணெய், காரத்தோடு கூடிச் சவர்க்காரக் கட்டியாகி, அந்தப் பிசுக்கைப் போக்குவதற்குக் கடைத்தெருவிலே விலைக்கு வந்தது.

எனினும் சவர்க்காரம் எல்லா இடத்தும் ஒருபடித்தாய் வெற்றி பெறவில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையினூடே ஊறி வருவது. அந்த வன்னீரிலே சவர்க்காரம் நுரையாது, வெண்ணிற மண்டியாய்த் திரியும். சாம்பலின் காரமோ அந்தச் சுண்ணாம்பைப் படியச்செய்து நீரை மென்மையாக்கும். ஆகவே அங்கே சாம்பலும், தலைமுழுக்குக்குச் சீயாக்காயும் அரப்பும் நெடுங்காலம் நிலைத்தன. கொழும்புக்கோ 1880களிலே லபுகம நீர்த்தேக்கத்து மென்னீர் குழாய் வழியே வந்தது. இங்கே சவர்க்காரம் விரைவிலே வழக்கமாயிற்று. ஓரூரார் நாகரிகம் அறிந்தவர், மற்றோரூரார் பழைமை விரும்பிகள் என்று இதற்குக் காரணம் கற்பித்தல் தவறு. நீரின் இயல்பே வழக்கத்தைத் தீர்மானித்தது.

பாத்திரமும் மாறிற்று. சென்னையிலே அல்பிரட் சாட்டர்டன் 1898 ஆம் ஆண்டில் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். இலேசான, மலிவான அந்தப் பாத்திரம் விரைவிலே ஏழை வீடுகளுக்கும் வந்தது. ஆனால் அலுமினியத்துக்குக் காரம் பகை. பித்தளைக்கும் இரும்புக்கும் நன்மை செய்த சாம்பலும் சோடாக்காரமும் அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும். பாட்டி காட்டிய முறையைப் பிழையின்றிச் செய்த பேர்த்தியின் பாத்திரம் கெட்டதற்குக் காரணம் அவளுடைய கவனக்குறைவன்று, உலோகம் மாறியிருந்தது.

அடுத்த மாற்றம் நம் தலைமுறையிலே நிகழ்ந்தது. 1983 ஆம் ஆண்டின் வன்செயலும், 1995 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண இடப்பெயர்வும், அவற்றுக்கு இடையிலும் பின்னும் நேர்ந்த துன்பங்களும் எண்ணற்ற குடும்பங்களை ஊர்விட்டு ஊர் பெயரச் செய்தன. அவருட் பலர் வெள்ளவத்தையிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் தொடர்மாடி வீடுகளிலே குடியேறினர். முற்றத்துக்கு அப்பால் இருந்த அடுக்களை இப்பொழுது படுக்கையறைக்குப் பக்கத்துச் சுவராயிற்று. விறகு இல்லை, ஆதலாற் சாம்பலும் இல்லை. புகை போகக் கூரை இடுக்கும் இல்லை. எண்ணெயும் மாறிற்று. தேங்காயெண்ணெய் காற்றிலே எளிதில் உறையாது. நெடுநாள் வழுவழுப்பாகவே கிடக்கும். நல்லெண்ணெய், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவையோ காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று, வெப்பத்திலே இறுகி, மரப்பொருளுக்குப் பூசும் வார்னிஷ் போன்ற படலமாகிவிடும். எரிவாயு அடுப்பைச் சுற்றிலும் தேன் நிறத்திலே இறுகிக் கிடக்கும் பிசின் அதுவே. வழிந்தவுடன் துணியாலே துடைத்திருந்தால் போயிருக்கும். ஒரு திங்கள் கழிந்தபின் அது எண்ணெயாகவே இராது.

இதுவரையிலே பொருள்களின் வரலாற்றைக் கூறினேன். இப்பொழுது கைகளின் வரலாற்றைக் கூறவேண்டும்.

ஜேர்மனி தேசத்து ஹெர்பர்ட் சின்னர் என்பவர் 1959 ஆம் ஆண்டிலே துப்புரவுத் தொழில் முழுவதையும் ஒரு வட்டத்துள் அடக்கிக் காட்டினார். அழுக்கை நீக்குவன நான்கு: இரசாயனப் பொருள், வெப்பம், நேரம், தேய்க்கும் விசை. இவற்றுள் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டவேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றவற்றைக் குறைக்கலாம். எளிய உண்மைதான். ஆயினும் இதனைக் கொண்டு நம் அடுக்களைகளை நோக்கினால் நெஞ்சு உறுத்தும். வெந்நீருக்கு விறகு செலவாகும். சோடாவுக்குக் காசு செலவாகும். ஊறவைப்பதற்குப் பொறுமை வேண்டும். இம்மூன்றையும் மிச்சம் பிடித்து நான்காவதையே நாம் தாராளமாகச் செலவிட்டோம். ஏனென்றால் தேய்க்கும் கை மலிவாகக் கிடைத்தது.

அந்தக் கை யாருடையது? வீட்டுப் பெண்ணினுடையது, வசதி படைத்த வீடுகளிலே வேலைக்காரச் சிறுமியினுடையது. 1871 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்வதற்கு ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. வேலையாளின் பெயரையும் நடத்தையையும் குறிப்பதிலே அச்சட்டம் காட்டிய அக்கறையை அவருடைய ஓய்விலும் உரிமையிலும் காட்டவில்லை. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்தும் வறிய கிராமங்களிலிருந்தும் கொழும்புக்கு அழைத்துவரப்பட்ட சிறுமியர் எத்தனை பேர் பள்ளிக்குச் செல்ல வேண்டிய காலை வேளையிலே தாச்சியின் அடியைச் சுரண்டிக்கொண்டு இருந்தனர்! கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி வந்தது. பள்ளிக்கூடத்தின் கதவு திறந்தது. ஆயினும் குசினியின் கதவு அவர்களை வெளியே விடவில்லை. ஐந்து முதல் பதினான்கு வயது வரையிலான கட்டாயக் கல்விக்குரிய விதிகள் 1998 ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்தன. 2016 ஆம் ஆண்டிலே அவ்வெல்லை பதினாறு வயதாயிற்று. தொழிலுக்கு அமர்த்தும் குறைந்த வயதையும் பதினாறாக உயர்த்தும் சட்டத்திருத்தம் 2021 ஆம் ஆண்டிலே வந்தது. பள்ளியாசிரியனாகிய எனக்கு இவ்வாண்டுகள் வெறும் எண்களல்ல. இவ்வாண்டுகளுக்கு இடையிலே வகுப்பில் வெறுமையாய்க் கிடந்த இருக்கைகளின் கணக்கு இது.

ஒரு கைப்பிடி சலவைச் சோடாவும், ஒரு வாளி வெந்நீரும், ஓரிரவு ஊறலும் அந்தச் சிறுமியின் வேலையிலே பெரும் பகுதியைச் செய்திருக்கும். இது மறைபொருளன்று. கொழுப்பும் காரமும் சேர்ந்து சவர்க்காரமாகும் என்று வகுப்பிலே எழுதி மனனம் செய்கின்றோம். பரீட்சையிலே எழுதிப் புள்ளியும் பெறுகின்றோம். அப்பாடம் குசினி வாயிலைத் தாண்டி உள்ளே செல்வதில்லை.

2022 ஆம் ஆண்டிலே இந்நாடு பட்ட பொருளாதாரத் துன்பம் பழைய பாடங்களை மீண்டும் கற்பித்தது. எரிவாயுக் கொள்கலனுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையிலே நின்றனர். தொடர்மாடி வீடுகளிலும் விறகடுப்பு மூண்டது. சவர்க்காரத்தின் விலை பலமுறை ஏறிற்று. முதலாம் உலகப் போரிலே கொழுப்புப் பொருளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தமையாலேயே ஜேர்மானியர் கொழுப்பில்லாத செயற்கைத் துப்புரவுப் பொருள்களை ஆராயத் தொடங்கினர் என்று வரலாறு கூறும். நம்மவரிடம் ஆய்வுகூடம் இல்லை. ஆனால் விறகோடு சாம்பலும் திரும்பி வந்தது. அதனை என்ன செய்வதென்று அறிந்த மூதாட்டியர் இருந்த வீடுகள் அந்தத் திங்கள்களிலே சற்று எளிதாகவே சமாளித்தன.

ஆகவே பழையதையும் புதியதையும் பகுத்தறிந்து கொள்வதே நன்று. அடுப்பை அணைத்து, மின்னிணைப்பைத் துண்டித்து, சூடு தணிந்தபின் வேலையைத் தொடங்குங்கள். இறுகிய பிசின் படிந்த இரும்புத் தட்டுகளையும் துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரங்களையும் வெந்நீரிலே சலவைச் சோடா கரைத்து ஊறவிடுங்கள். கையுறை இல்லாமல் அந்நீரிலே கை வைக்காதீர்கள். அலுமினியத்துக்குச் சோடாவும் சாம்பலும் வேண்டா. பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் இளஞ்சூட்டு நீருமே போதும். அப்பச்சோடா மென்மையான காரம்; வண்ணம் பூசிய சுவரைத் துடைப்பதற்கு அது தகும். வினாகிரியும் தேசிக்காயும் நீர்க்கறையையும் பித்தளை மாசையும் போக்கும். பிசுக்கின்மேல் அவற்றை வீணாக்க வேண்டா. வெளிற்றும் திரவத்தோடு வினாகிரியையோ வேறு துப்புரவுத் திரவத்தையோ ஒருபோதும் கலவாதீர்கள். உயிருக்கு ஊறு செய்யும் நச்சுவாயு அதிலிருந்து எழலாம். அடுப்பைச் சுற்றிப் படிந்த பிசுக்கு தீப்பற்றும் பொருள் என்பதையும் மறவாதீர்கள். எண்ணெய் தீப்பற்றினால் நீரை ஊற்றாது, அடுப்பை அணைத்து, மூடியால் மூடிவிடுங்கள்.

இவற்றையெல்லாம் பெண்மக்களுக்கு மாத்திரம் சொல்லவில்லை. தாச்சியில் பொரித்ததை உண்பவர் அனைவரும் தாச்சியைக் கழுவக் கற்றவராதல் வேண்டும். மனைப்பொருளியல் பாடத்தை மாணவியர்க்கே உரியதென ஒதுக்கிவைக்கும் மனப்பாங்கு நம் பள்ளிகளை விட்டு அகலுதல் வேண்டும்.

நாளை நம் காலத்துச் சமையற் பாத்திரங்களையும் ஒருவர் அகழ்ந்தெடுத்து ஆராயக்கூடும். நாம் எந்த எண்ணெயிலே சமைத்தோம் என்பதை அவர் அறிந்துகொள்வார். அப்பாத்திரத்தை யார் கழுவினார், கழுவும்போது அவருடைய வயது என்ன என்பதை எந்தச் சோதனையும் அவருக்குச் சொல்லாது. அதற்கு விடை நம்மிடமே இருக்கின்றது. அந்த விடை நாணத்தக்கதாக இராதபடி பார்த்துக்கொள்வது நம் கடமை.